குதிகாலைத் தொடக் கூடாது

ஜூன் 3, செவ்வாய்

இன்று மூன்று பேர் கிளட்சைக் கருக்கினார்கள். மூன்றாவது ஆள், ஒரு டீச்சர், அம்பிட்டிய ஏற்றத்தில் காரை நிறுத்திவிட்டுக் கையைக் கூப்பி, "மிஸ், இனி நீங்க ஓட்டுங்க" என்றார். ஓட்டப் பழக்குகிறவளின் காலடியிலும் ஒரு பிரேக் இருப்பதால்தான் நான் உயிரோடு ஆறு மணிக்கு ஜியுஜிட்சுக் கிளப்புக்குப் போய்ச் சேர்ந்தேன்.

போனால், சுதேஷ் அண்ணா மெட்டில், நாங்கள் கட்டிப் புரளும் மெத்தையில், இறங்காமல் கதவருகே ஃபோனைப் பார்த்தபடி நிற்கிறார். எங்கள் கோச் பேசாமல் நிற்கிறார் என்றால் ஏதோ வில்லங்கம். செப்டெம்பரில் கொழும்பில் நடக்கப்போகும் தேசிய அணித் தெரிவுக்கு விதிகள் வந்துவிட்டன.

வாசித்தார். நோ-கி ஜியுஜிட்சு, பெண்கள். குதிகாலைப் பிடித்து முறுக்கும் ஹீல் ஹூக் எந்த வடிவிலும் கூடாது. முறுக்கினால் அந்த இடத்திலேயே வெளியேற்றம். எதிராளியைப் பிடிக்காமல் சும்மா உட்கார்ந்தால் தண்டப் புள்ளி. நின்றபடி விழுத்தியோ, கீழிருந்து எழும்பியோ மேலே வந்து மூன்று எண்ணும்வரை இருந்தால் இரண்டு புள்ளி. நேரம் முடியும்போது புள்ளி கூடியவர் வென்றவர்.

போன வருடம் புள்ளியே கிடையாது. ஒருத்தி தோல்வியை ஒப்புக்கொண்டு தட்டும்வரை சண்டை. கொழும்பில் மூன்று பேரைத் தட்டவைத்தேன், மூன்றும் ஹீல் ஹூக். நான் இத்தனை காலம் பழகியதே அது ஒன்றுதான். உட்கார், காலுக்குள் நுழை, குதிகாலை எடு.

எடைக்கு ஒருவர்தான் அணியில். அவர் டிசெம்பரில் தாய்லாந்துக்கு ஆசியப் போட்டிக்குப் போவார். போவது நான்தான் என்று கிளப்பில் எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வெளியே சொல்லவில்லை, ஆனால் எந்த பேக்கைக் கொண்டுபோவது என்பது வரை யோசித்து வைத்திருந்தேன். பிளேனில் ஏறாதவளின் புத்தி.

என்னைப் பார்த்து எழுதிய மாதிரி இருக்கிறது அந்த விதி.

ஜூன் 4, புதன்

முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்ததால் அம்மாவுக்கு விளக்க வேண்டியதாயிற்று. நோ-கி என்றால் அந்தத் தடித்த வெள்ளைச் சட்டை இல்லாமல் ஆடுவது என்றேன். "உடுப்பு போட்டுத்தானே இருக்க?" என்றாள். உடம்போடு ஒட்டிய சட்டை அம்மா, பிடித்து இழுக்க ஒன்றும் இருக்காது, அதனால் கழுத்து, கை, கால் என்று உடம்பையே பிடிக்க வேண்டும்.

"ஹீல் ஹூக்னா?"

கட்டிலில் நீட்டியிருந்த அவள் காலின் குதியை முழங்கை மடிப்பில் வைத்து, ஒரு நூல் அளவு திருப்பினேன். அம்மா காலை உருவிக்கொண்டாள். "அடியே, நீ புடிச்சது குதிய, வலிக்கிறது முட்டியா?" அதுதான் அம்மா விஷயம். வலி வருவதற்கு முன்பே முழங்கால் போய்விடும். அதனால்தான் சில இடத்தில் தடை.

காலைத் தடவிக்கொண்டே கேட்டாள்: "அப்ப போன வருசம் நீ ஜெயிச்சது களவா?"

களவு இல்லை, போன வருடம் விதி வேறு என்றேன். "வருசத்துக்கு ஒரு விதியா?" என்று சொல்லிக்கொண்டே தேங்காய் துருவப் போய்விட்டாள். எனக்கு நாள் முழுக்க அந்த 'களவா' காதுக்குள்ளேயே இருந்தது.

ஜூன் 8, ஞாயிறு

ஏன் நான் மட்டுமல்ல, எங்கள் கிளப்பில் எல்லாருமே உட்கார்ந்து ஆடுகிறவர்கள்? இன்று குந்தியிருந்து யோசித்தேன். காரணம் முஹ்ஸின் சேர்.

எங்கள் மெட் மேல்மாடியில். பழைய பலகை மாடி. கீழே முஹ்ஸின் சேரின் கணக்கியல் டியூஷன். ஆரம்பத்தில் நாங்கள் ஒருவரை ஒருவர் தூக்கிப் போட்டபோது கீழே பிள்ளைகளின் கொப்பிகளில் தூசி கொட்டியது. சேர் படியேறி வந்து, "தங்கச்சி, ஐந்தொகை சமப்படுற நேரம் பார்த்து மேல யார் விழுறது?" என்று கேட்டார். அன்றிலிருந்து ஒரு ஒப்பந்தம். விழுத்துவது இல்லை. எல்லா ரவுண்டும் உட்கார்ந்தபடிதான் தொடங்கும். யாராவது எழும்பிச் சண்டை பிடித்தாலும், ஒருத்தி மற்றவளின் காலை ஒழுங்காகப் பிடித்துவிட்டால், பிடிபட்டவள் "சரி" என்று சொல்லிவிட்டுத் தானாகவே மெல்ல உட்கார்ந்துவிட வேண்டும். சத்தம் வராது. பக்கத்து வீட்டுக்குப் போனால் கதிரையில் உட்காருவது போல உட்காருவோம்.

தரையில் வாழ்ந்தோம், கால்களில் கெட்டிக்காரர்களானோம். இப்போது நிற்கச் சொல்கிறார்கள்.

ஜூன் 17, செவ்வாய்

ஆஸிகா போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டாள்! நான்கு வருடமாக என்னோடு உருள்கிறவள், ஒரு போட்டிக்கும் போனதில்லை. தலையை மூடிக்கொண்டு ஆட விடுவார்களா என்று ஒவ்வொரு முறையும் யாரிடமோ கேட்க வேண்டும், ஒருவர் ஓம் என்பார், வாசலில் நிற்பவர் இல்லை என்பார். இந்த முறை விதியிலேயே எழுதியிருக்கிறதாம், இழுபடும் துணியில், ஊசி கிளிப் இல்லாமல், தலைமூடி அணியலாம் என்று.

நான் விதிகளைத் திட்டிக்கொண்டிருந்தேன். முழு லிஸ்ட்டையும் திட்டினேன், எழுதியவனின் பரம்பரையையும் சேர்த்து. அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஒனக்குத்தான் அது புடிக்கல்ல டிலானி. எனக்கு அதால தான் போக ஏலும்" என்றாள். 

அவள் எனக்குக் கீழ் எடை, நல்லவேளை.

ஜூன் 20

தோள் வலி. நின்று பழகிப் பார்த்தோம், விழுத்தாமல். விழுத்தாமல் விழுத்தப் பழகுவது. தண்ணீரில்லாமல் நீந்தப் பழகுவது மாதிரி.

ஜூன் 29, ஞாயிறு

எழுதவே வெட்கமாக இருக்கிறது. எழுதித் தொலைக்கிறேன்.

கடுகண்ணாவையில் ஒரு ஹோலில் நட்புப் போட்டி. கொழும்பிலிருந்து ஒரு கிளப், குருணாகலிலிருந்து ஒரு கிளப், நாங்கள். செப்டெம்பர் விதிகளிலேயே நடத்துவோம், பழகின மாதிரியும் இருக்கும் என்று சுதேஷ் அண்ணா ஏற்பாடு செய்தது.

என் முதல் சண்டை. எதிரே ஒரு சின்னப் பெண், பழகத் தொடங்கி ஒரு வருடம்கூட இல்லை. நான் உட்காரவில்லை. நின்றேன். நெஞ்சை நிமிர்த்தி, ஏதோ படத்துக்குப் போஸ் கொடுப்பது போல நின்றேன். அவள் குனிந்து என் காலைக் கட்டிப்பிடித்தாள். பலவீனமான பிடி. காலைப் பின்னால் எறிந்தால் கழன்றுவிடும்.

நான் "சரி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

ஆம். தானாகவே. மெல்ல. சத்தம் வராமல்.

நடுவர் இரண்டு விரலைத் தூக்கினார். அந்தப் பெண்ணுக்கே புரியவில்லை, என்ன நடந்தது என்று தன் கோச்சைத் திரும்பிப் பார்த்தாள். நான் கீழே கிடந்து பதற, கை குதிகாலைத் தேட, தேடக் கூடாது என்று மூளை கத்த, நேரம் முடிந்துவிட்டது. இரண்டுக்குப் பூச்சியம்.

நான் மட்டும் என்றால் என் விதி என்று இருக்கலாம். எங்கள் பையன்களில் இரண்டு பேர் அதே மாதிரி "சரி" சொல்லி உட்கார்ந்தார்கள். மூன்றாவது முறை கொழும்புக்காரர் சிரித்துவிட்டார்கள். "கண்டி ஆக்கள் நல்ல மரியாதை" என்று யாரோ சொன்னது கேட்டது. பஸ்ஸில் வரும்போது சுதேஷ் அண்ணா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். தப்பு எங்களுடையது இல்லை, தான் பழக்கியது என்று பேராதெனிய தாண்டியபிறகு சொன்னார். அது இன்னும் வலித்தது.

ஜூலை 2, புதன்

போகப்போவதில்லை. பெயரை எடுத்துவிடச் சொல்லி சுதேஷ் அண்ணாவுக்கு மெசேஜ் எழுதினேன். அனுப்பவில்லை.

மாலை ஆஸிகா, நான் கார் பழக்கும் லேர்னர்ஸ் ஒஃபிசுக்கே வந்துவிட்டாள். நான் ஒரு பெண்ணைத் திட்டிக்கொண்டிருந்த நேரம். லைசன்ஸுக்கான ட்ரயலில் கூம்புகளுக்கு நடுவில் ரிவர்ஸ் எடுத்து நூற்றுக்கு நூறு வாங்கிப் பாஸ் பண்ணியவள், லைசன்ஸ் கையில் கிடைத்த மறுநாள் மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் நடு ரோட்டில் நின்றுவிட்டாள். நான் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்: ட்ரயல் வேற, ரோடு வேற, ட்ரயலுக்கு மட்டும் பழகினா இப்படித்தான்.

அவள் போனதும் ஆஸிகா ஆரம்பித்தாள். "கோவப்படாம கேளு. இவ்ளோ நாளும் ஒனக்குக் கெடச்ச ட்ரயல் லேசு. கூம்பெல்லாம் நீ பழகின இடத்துலயே வெச்சிருந்தாங்க. இப்ப இடத்த மாத்திட்டாங்க. அதுக்கு கார வித்துப் போடுறதா?"

எனக்கு வந்த கோபத்தில் அவளை டீ குடிக்கக்கூடக் கேட்கவில்லை. என் வாயால் சொன்னதை எடுத்து என் தலையிலேயே போட்டுவிட்டாள். உண்மையான கோபம் அதற்குத்தான்.

மெசேஜை அழித்தேன்.

ஜூலை 4, வெள்ளி

முஹ்ஸின் சேரோடு சண்டை பிடிக்கப் போனேன். என்ன சொல்வது என்று ஒத்திகை எல்லாம் பார்த்து, நாங்களும் மனுசர்தான் சேர் என்று தொடங்குவதாகத் திட்டம்.

போனபோது சேர் வகுப்பைப் பூட்டிக்கொண்டிருந்தார். வெள்ளை ஜுப்பா, தொப்பி. பகல் பன்னிரண்டு. நான் ஒத்திகை பார்த்ததில் பாதிதான் சொன்னேன். கடுகண்ணாவையில் "சரி" சொல்லி உட்கார்ந்த கதைக்கு வந்ததும் சேருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. பூட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணில் தண்ணீரோடு.

"ஏன் தங்கச்சி இத முன்னமே கேக்கல்ல? வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு நான் வகுப்ப மூடுற. ரெண்டு மணி வரைக்கும் கீழ ஒரு ஆளும் இல்ல. மாடி இடிஞ்சி விழாட்டி போதும்."

இத்தனை வருடம் ஒவ்வொரு வெள்ளியும் அந்த இரண்டு மணித்தியாலம் அங்கே சும்மா இருந்திருக்கிறது. எங்களுக்கு இன்றுவரை தெரியாது. நாங்கள் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. ஒரு தரம் பேசி முடித்த ஒப்பந்தம் என்றால் அப்படியே இருக்கும் என்று இரண்டு பக்கமும் நினைத்துக்கொண்டோம்.

ஜூலை 11, வெள்ளி

முதல் வெள்ளி. லேர்னர்ஸில் பகல் சாப்பாட்டு நேரத்தை நீட்டிக் கேட்டு, காரைப் போட்டுவிட்டு ஓடினேன். சுதேஷ் அண்ணா, ஆஸிகா, நான். மெட்டை இரட்டிப்பாக விரித்தோம்.

ஆஸிகா என் இடுப்பைக் கட்டித் தூக்கினாள். கால் தரையை விட்டதும் நான் கத்திவிட்டேன். விழுந்தேன், முதுகு முழுக்கப் பட்டது, மூச்சு நின்றது போல, பிறகு வந்தது. ஒன்றும் ஆகவில்லை. எழும்பினேன். திரும்ப விழுந்தேன்.

ஒன்றை இங்கே எழுதிவிட வேண்டும். எனக்கு விழப் பயம். சத்தத்துக்குப் பயந்து உட்கார்ந்தோம் என்பதெல்லாம் சரிதான். ஆனால் எனக்கு அது வசதியாகவும் இருந்தது. உட்கார்ந்திருப்பவளை யார் விழுத்துவது? போன வருட விதி என்னைக் கேட்கவில்லை, கிளப் என்னைக் கேட்கவில்லை, அதனால் நானும் என்னைக் கேட்கவில்லை. முழங்காலை முறிக்கும் பிடியைத் தைரியமாகப் போடுகிறவள், இரண்டு அடி உயரத்திலிருந்து மெட்டில் விழப் பயப்படுகிறாள். சிரிக்க வேண்டியதுதான்.

உட்காரும்போது பிட்டம் வலிக்கிறது. ஆனாலும் ஏனோ இன்று சந்தோசமாக இருக்கிறது.

ஜூலை 25, வெள்ளி

முஹ்ஸின் சேர் கீழே கூரைக்கு அடியில் தன் பழைய டியூஷன் பெனர்களை இழுத்துக் கட்டியிருக்கிறார், தூசி விழாமல். இனிப் புதன் மாலையிலும் கொஞ்சம் விழலாமாம். "அளவா" என்றார். பெனரில் உள்ள அவருடைய படம் இப்போது பிள்ளைகளை மேலிருந்து பார்க்கிறது. பிள்ளைகள் ஒழுங்காகப் படிக்கிறார்களாம்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பெரஹெரா ஊர்வலம். டவுன் முழுக்க அடைப்பு, லேர்னர்ஸ் கார் வெளியே எடுக்க முடியாது, கிளப்பும் இல்லை. அம்மாவோடு வீட்டில். சமையலறையில் கதிரையின் காலைப் பிடித்துப் பிடித்து நுழைவது பழகினேன். அம்மா கதிரையைப் பார்த்துப் பாவப்பட்டாள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

விழுத்திவிட்டேன்!

விட்டுக்கொடுத்துப் பழகுவதில் இல்லை, நிஜமாக ஆடும்போது. ஆஸிகா என் கழுத்தை இழுத்தாள், நான் குனிந்து அவளுடைய காலை அணைத்து, தலையை அவள் விலாவில் வைத்து ஓடினேன். ஓடினேன் என்றால் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடினேன், அலங்கோலமாக. அவள் "சரி" சொல்லவில்லை, முழு மூச்சாக எதிர்த்தாள். அப்படியும் விழுந்தாள், தடால் என்று. மேலே கிடந்து பிடித்துக்கொண்டேன். சுதேஷ் அண்ணா மூன்று எண்ணினார்.

"இன்னொரு தரம்" என்றாள் ஆஸிகா. இன்னொரு தரம் அவள் என்னை விழுத்தினாள். மூஞ்சியில் அப்படி ஒரு சிரிப்பு அவளுக்கு.

ஆகஸ்ட் 30, சனி

சுதேஷ் அண்ணாவோடு கத்தல்.

நிற்க வருகிறது, விழுத்தவும் வருகிறது. ஆனால் தரைக்கு வந்து கால் சிக்கினால் என் கை தானாகக் குதிகாலுக்குப் போகிறது. நான் அனுப்புவதில்லை, அது போகிறது. இன்று ஒவ்வொரு முறை தொட்டதும் "டிலானி, கைய எடு. வெளிய போ" என்றார். ரவுண்ட் முடிந்தது, கதவுக்கு வெளியே படியில் போய் நிற்க வேண்டும். ஸ்கூல் பிள்ளை மாதிரி. கீழே டியூஷனுக்கு வரும் பிள்ளைகள் என்னைப் பார்த்துக்கொண்டே போகிறார்கள். நான்காம் முறை நான் கத்திவிட்டேன். நான் என்ன களவா எடுத்தேன்? உங்களிடம் பழகியதுதானே? அவரும் கத்தினார்: "நான் பழக்குனதுதான்! அதான் நானே எடுக்கிறேன்!"

வீட்டுக்கு வந்தேன். அவருக்கும் எவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அந்தப் பிடியை எனக்குச் சொல்லித்தர அவர் தன் முழங்காலை எத்தனை தரம் கொடுத்திருப்பார்.

செப்டெம்பர் 5

இன்று ஒரு தரம்தான் படிக்குப் போனேன்.

செப்டெம்பர் 13, சனி

தெஹிவளை. ஆஸிகாவின் தாத்தா வீடு. அவர்கள் அக்காவைத் தாத்தா என்பார்கள். நான் முதலில் வயதான மனுசர் ஒருவரை எதிர்பார்த்து, காலில் விழுந்து கும்பிடும் முகத்தோடு வந்தேன். கதவைத் திறந்தது எங்கள் வயதுப் பெண், இடுப்பில் பிள்ளையோடு.

கொழும்பில் எடை பார்த்தார்கள், சரி. சாப்பிட முடியவில்லை. ஆஸிகா இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

நாளைக்குத் தோற்றால்? தோற்றால் தோற்றதுதான், போகமாட்டேன், அவ்வளவுதான். இல்லை, பொய். போக வேண்டும். எனக்குப் போக வேண்டும்.

செப்டெம்பர் 14, ஞாயிறு

பேனை பிடிக்கவே வலி. இருந்தாலும் இன்றே எழுதாவிட்டால் நாளைக்குக் கதை பெரிதாகிவிடும்.

ஆஸிகா முதல் சுற்றிலேயே தோற்றாள். ஆனால் ஒரு தரம் விழுத்தி இரண்டு புள்ளி எடுத்தாள். வாசலில் ஒருவரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை. நடுவர் தலைமூடியைத் தொட்டுப் பார்த்து, ஊசி இல்லை என்று தலையாட்டி, உள்ளே போ என்றார், அவ்வளவுதான். தோற்றுவிட்டு வெளியே வந்தவள் வென்றவள் மாதிரித் துள்ளினாள்.

என் முதல் சண்டை: ஒரு விழுத்தல், மிச்ச நேரம் முழுக்க மேலே படுத்திருந்தேன். பார்க்கிறவர்களுக்குக் கொட்டாவி வந்திருக்கும். புள்ளியில் ஆடுகிறவர்களை எப்படியெல்லாம் நக்கல் அடித்திருக்கிறேன்! இன்று அந்த இரண்டு புள்ளியைப் பிள்ளையைப் போலக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தேன்.

இறுதிச் சண்டை சச்சினியோடு. போன வருடம் என் ஹீல் ஹூக்கில் தட்டிய கொழும்புப் பெண். நான் உட்காருவேன் என்று கொஞ்சம் பின்னால் தள்ளி நின்று காத்திருந்தாள். நான் நின்றேன். அவள் முகத்தில் ஒரு குழப்பம். கழுத்தை இழுத்தோம், கையைத் தட்டினோம், யாருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் தண்டம் இல்லை. உட்கார்ந்து, வழுக்கிக்கொண்டு என் காலுக்குள் வந்தாள்.

அது என்னுடைய வழி! என்னிடம் தோற்றுப் போனவள், ஒரு வருடம் கால்களையே பழகியிருக்கிறாள்.

என் பாதத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். முறுக்காமல் நேராக இழுக்கும் கணுக்கால் பூட்டு, அதற்கு அனுமதி உண்டு. நானும் தரைக்கு வந்துவிட்டேன். இரண்டு பேரின் கால்களும் பின்னிக் கிடக்கின்றன. கணுக்கால் எரிகிறது. அப்போது பார்த்தேன், அவளுடைய ஒரு குதிகால் என் முழங்கைக்குப் பக்கத்தில், திறந்தபடி கிடக்கிறது. போன வருடம் என்றால் உயிர் போனாலும் ஒளித்திருப்பாள். தடை என்பதால் ஒளிக்கத் தேவையில்லை என்று அப்படியே விட்டிருக்கிறாள்.

என் கை போனது.

நடுவர் குனிந்தார். சுதேஷ் அண்ணா "கை! கை!" என்று தொண்டை கிழியக் கத்தினார். விரல்களுக்குள் அவளுடைய குதி இருந்தது. திருப்பவில்லை, பட்டுக்கொண்டுதான் இருந்தது. இதைத் திருப்பினால் அவள் தட்டுவாள், நான் வீட்டுக்குப் போவேன். இவ்வளவும் நினைத்தேனா, இப்போதுதான் நினைக்கிறேனா, தெரியவில்லை.

விரல்களைத் திறந்தேன். அதே கையால் அவள் முட்டியை அமுக்கினேன். ஒரு பாதத்தை மெட்டில் ஊன்றினேன். அவள் என் கணுக்காலை முடிக்க முழு உடம்பையும் பின்னால் சாய்த்திருந்தாள், என்னைத் தடுக்க முன்னால் ஒன்றும் இல்லை. எழும்பினேன். கால் கழன்றது. அவள்மேல் விழுந்து நெஞ்சால் அமுக்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று. நடுவரின் விரல்கள் இரண்டு மேலே.

மிச்ச நேரம் அவள் விடவில்லை. உருண்டாள், தள்ளினாள், என் காதைக்கூடத் தலையால் தேய்த்தாள். நான் மேலிருந்து இறங்கவில்லை. மணி அடித்தபோது ஆஸிகாவின் கத்தல்தான் முதலில் கேட்டது.

அழுதேன். எல்லார் முன்னாலும், மூக்கு ஒழுக அழுதேன். சச்சினி வந்து கட்டிப்பிடித்தாள். சிங்களத்தில் சொன்னாள், ஒரு வருடம் முழுக்க உன் காலுக்காகத்தான் பழகினேன், நீ எழும்புவாய் என்று யார் கண்டது? எங்கே பழகினாய் என்றும் கேட்டாள். ஒரு டியூஷன் வகுப்புக்கு மேலே என்றேன். நம்பவில்லை.

செப்டெம்பர் 15, திங்கள்

அம்மா பதக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விதிப்படிதான் வென்றேன், வேண்டுமென்றால் சுதேஷ் அண்ணாவிடம் கேள் என்றேன், அவள் கேட்காமலேயே. "நான் ஒண்ணுமே சொல்லலையே" என்றாள். பிறகு, தாய்லாந்தில் சோறு கிடைக்குமா என்று கேட்டாள். அங்கே சோறுதான் அம்மா, விடிந்தால் சோறு. அம்மாவுக்குப் பாதிக் கவலை போய்விட்டது.

கணுக்கால் வீங்கியிருக்கிறது. கிளட்ச் மிதிக்க முடியாமல் இன்று முழுக்கப் பக்கத்து சீட்டிலிருந்து வாயால்தான் ஓட்டினேன்.

செப்டெம்பர் 26, வெள்ளி

ஆசியப் போட்டியின் விதிகள் வந்துவிட்டன. சுதேஷ் அண்ணா பகல் எங்களுக்கு வாசித்துக் காட்டும்போது குரல் இறங்கி ஏறியது. அங்கே ஹீல் ஹூக் உண்டு. உட்காரலாம், தண்டம் இல்லை.

"ஒன்னோட ஆட்டம் திரும்பி வந்துருச்சு டிலானி! இன்னையிலருந்து பழையபடி போவோம்."

எனக்குச் சந்தோசம்தான், ஏன் பொய் சொல்ல வேண்டும்? விரல் நுனியெல்லாம் ஊறியது. இவ்வளவு நாளும் படிக்கு அனுப்பிய மனுசர், இப்போது தானே மெட்டைத் துடைத்துவிட்டு, போ, போய்ப் பிடி என்கிறார்.

ஆஸிகாவைப் பார்த்தேன். மெட்டின் நடுவில் போய் உட்கார்ந்து, இரண்டு குதிகாலையும் தனக்குக் கீழே ஒளித்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள், ஊசி போட வந்த நேர்ஸைப் பிள்ளைகள் பார்ப்பது போல. நான் போய் அவள் முன்னால் நின்றேன். உட்காரத்தான் போனேன், முட்டிகூட மடங்கியது.

"எழும்பு" என்றேன்.

"என்னா, காலப் புடிக்கிறல்லயா?"

"புடிப்பேன். அவசரப்படாத. மொதல்ல எழும்பு."

 ஆஸிகா தலைமூடியைச் சரிசெய்துகொண்டு எழும்பினாள். என் கழுத்தில் கை வைத்தாள். நான் அவள் கழுத்தில் வைத்தேன்.